கொடிவழி அறுந்த மலையகத்தில் பரம்பரைப் புற்றுநோய்

"உங்கள் அம்மாவுக்கு, சித்திக்கு, பெரியம்மாவுக்கு யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா?" பரம்பரை ஆபத்தைக் கண்டுபிடிக்க வைத்தியர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் பல பெண்களுக்கு இதற்குப் பதில் தெரியாது. தெரிந்தவர்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள்.

1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அது முழுதாக நிறைவேறாவிட்டாலும் லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அக்கா கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போனாள், தங்கை லயத்திலேயே இருந்தாள். 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குத் தப்பியவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தார்கள். அதன் பிறகு அவர்களுக்கு நடந்ததை இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்படிச் சிதறிய குடும்பத்தில் பெரியம்மா இறந்த செய்தி வந்து சேர்ந்திருக்கும். எதனால் இறந்தார் என்பது வந்திருக்காது.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்னும் மரபணுக்கள் உடற்கலங்களில் டிஎன்ஏ பழுதுபட்டால் அதைச் சீர்செய்ய உதவுபவை. அவை 1994 இலும் 1995 இலும் அடையாளம் காணப்பட்டன. 2017 இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, பிஆர்சிஏ1 இல் பிறழ்வுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 72 வீதம், சூலகப் புற்றுக்குச் சுமார் 44 வீதம். மார்பகப் புற்றில் பெரும்பகுதி பரம்பரையானதல்ல, ஏறத்தாழ 5 முதல் 10 வீதம் மட்டுமே இவ்வாறு வருகிறது. ஆனால் பிறழ்வு உள்ள வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு சரிபாதி. தகப்பன் வழியாகவும் வரும். அத்தையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முன்கூட்டியே தெரிந்தால் இளவயதிலிருந்தே மார்பகத்தை ஸ்கேன் செய்து கண்காணிக்கலாம், பிள்ளைப்பேறு முடிந்தபின் சூலகங்களை அகற்றலாம். தெரிந்துகொள்வதற்குத்தான் வழியில்லை. நிபுணத்துவ வசதிகள் கொழும்பையும் மஹரகமவையும் சுற்றியே இருக்கின்றன. 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தது. அரைப்பேர் விழுந்தாலே அடுப்படியில் கணக்கு இடிக்கும், இதில் கிளினிக் கிளினிக்காக எத்தனை நாள் அலைவது?

ஒவ்வொரு ஒக்டோபரிலும் இளஞ்சிவப்பு நாடா கட்டுகிறோம். அதைவிடப் பயனுள்ள மாற்றம் ஒன்று உண்டு. 50 வயதுக்குள் மார்பகப் புற்று வந்த பெண்ணுக்குக் குடும்ப வரலாறு இல்லாவிட்டாலும் மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்று அமெரிக்க வழிகாட்டல்கள் சொல்கின்றன. வரலாற்றையே அரசுகள் பிய்த்துப்போட்ட ஒரு சமூகத்துக்கு இந்த அளவுகோல்தான் நியாயமானது. சுகாதார அமைச்சு அதை அரச செலவில் மலையகத்தில் தொடங்கவேண்டும்.

அதுவரை, கூடலூர்ச் சொந்தங்களோடு வட்ஸ்அப்பில் பேசும்போது கேட்டுப் பாருங்கள். "புற்றுநோய்" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள், கலியாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் அந்தச் சொல்லே வாயில் வராது. "மாரில் கட்டி வந்ததா, வயிறு வீங்கி இறந்தாவா, அப்போது என்ன வயது?" என்று கேளுங்கள். முற்றிய சூலகப் புற்றில் வயிற்றில் நீர் கோத்து வீங்குவதுண்டு. கிடைக்கும் பதிலை ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.