மார்பிலே பதக்கம், கோப்பிலே குற்றச்சாட்டு

நமது நாட்டுப் படை உயரதிகாரிகளின் பெயர்களுக்குப் பின்னால் நீண்டு செல்லும் எழுத்து வரிசையைப் பலரும் வெறும் அலங்காரமாகவே கருதுகின்றனர். அது தவறு. அந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் அரசு தன் குடிமக்களுக்கு வழங்கும் உத்தரவாதமாகும். இவர் இத்தகையவர், நம்பலாம் என்று அரசு நம்மிடம் சொல்கிறது.

முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட பெற்ற விருதுகளுள் மூன்று, அவரது பெயரோடு எப்போதும் சேர்த்து எழுதப்படுகின்றன: ரண சூர பதக்கம், விசிஷ்ட சேவா விபூஷணம், உத்தம சேவா பதக்கம். முதலாவது போர்முனையில் காட்டிய வீரத்துக்கானது. ஏனைய இரண்டையும் பெறுவதற்கு நீண்டகாலச் சேவை மட்டும் போதாது. அந்தச் சேவை ஒழுக்கத்தில் களங்கமற்றதாகவும் இருத்தல் வேண்டும். வாசகர்கள் 'களங்கமற்றது' என்னும் அச்சொல்லைக் கவனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இக்கட்டுரை அதைப் பற்றியதே.

அவரது தொழில்சார் சாதனையை மறுப்பது நமது நோக்கமன்று. 1971இல் கடற்படையில் இணைந்தவர். 2005 செப்டெம்பர் முதல் 2009 ஜூலை வரை அதன் தளபதி. புலிகளின் ஆயுதக் கப்பல்களை இந்து சமுத்திரத்தின் ஆழ்கடல் வரை தேடிச் சென்று அழித்தது அவரது காலத்துக் கடற்படைதான். 2007 செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் நடந்த அந்தத் தாக்குதல்கள் போரின் போக்கையே மாற்றின என்பதை நடுநிலையான எந்த ஆய்வாளரும் ஏற்பார். தமது பங்கை அவரே ஒரு நூலாகவும் எழுதியுள்ளார்.

ஆனால் அதே ஆண்டுகளில் கொழும்பில் என்ன நடந்தது? 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நீதிமன்றம் தடுக்க முடியாத இன்னொன்றும் அந்நாளில் இருந்தது. அதன் பெயர் வெள்ளை வான்.

2008 செப்டெம்பர் 17ஆம் திகதி இரவு தெஹிவளையில் ஐந்து இளைஞர்கள் கடத்தப்பட்டனர். 2008, 2009 காலப்பகுதியில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்டவர்களுள் பதினொருவரின் கதி ஒரே வழக்காக இன்று அறியப்படுகிறது. கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என மூவினத்தாரும் இருந்தனர். புலனாய்வாளர்கள் நீதிமன்றில் தெரிவித்தவற்றின்படி, இவர்கள் கப்பத்துக்காகக் கடத்தப்பட்டு, கோட்டை சைத்திய வீதியிலும் பின்னர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் 'கன்சைட்' நிலவறைகளிலும் அடைக்கப்பட்டிருந்தனர். எவரும் வீடு திரும்பவில்லை.

இனித் திகதிகளை அடுக்கிப் பாருங்கள். 2019 மார்ச்சில், இந்த வழக்கில் தம்மைக் கைது செய்வதைத் தடுக்குமாறு கோரிக் கரன்னாகொட உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். அதே மாதம் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் வாக்குமூலம் அளித்தார். செப்டெம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவரை 'அட்மிரல் ஒஃப் த ஃப்ளீட்' ஆக உயர்த்தினார். இந்நாட்டில் எவரும் அதுவரை பெறாத, ஆயுட்காலம் முழுவதும் நீடிக்கும் தரம் அது. இந்த மரபை நமக்குத் தந்த பிரித்தானியாவே சமாதான காலத்தில் அத்தரத்தை வழமையாக வழங்குவதை 1990களில் கைவிட்டுவிட்டது. இரண்டு மாதங்கள் கழித்து, 2019 நவம்பரில், சட்டமா அதிபர் 14 பேருக்கெதிராக 667 குற்றச்சாட்டுகளைத் தாக்கல் செய்தார். பதினால்வருள் அவரும் ஒருவர்.

2021 ஆகஸ்டில், புதிய சட்டமா அதிபர் அவருக்கெதிரான குற்றச்சாட்டுகளைத் தொடர்வதில்லை எனத் தீர்மானித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநரானார். பெற்றோர்கள் நீதிமன்றப் படிகளில் மீண்டும் ஏறினர்.

'குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதி' என்பர். முற்றிலும் உண்மை. அவர் குற்றவாளி என்று இங்கு எவரும் தீர்ப்பெழுதவில்லை. தம்மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்துள்ளார். ஆயினும் நிரபராதியாகக் கருதப்படுவது ஒவ்வொரு குடிமகனின் உரிமை. நாட்டின் அதியுயர் படைத்தரம் எவருக்கும் உரிமையன்று. விசாரணை முடியும்வரை அதைத் தாமதித்திருந்தால் அவருக்கு எந்த அநீதியும் நேர்ந்திராது.

'முதலில் முறையிட்டவரே அவர்தானே' என்பர். இதுவும் உண்மையே. 2009 மே 28ஆம் திகதி தமது பாதுகாப்பு அதிகாரிக்கு எதிராக அவர் பொலிசில் முறைப்பாடு செய்தார். அந்த அதிகாரியின் அறையில் பிறருடைய அடையாள அட்டைகளும் தோட்டாக்களும் கிடைத்திருந்தன. ஆனால் தெஹிவளைக் கடத்தலுக்கும் இந்த முறைப்பாட்டுக்கும் இடையே எட்டு மாதங்களுக்கு மேல் உள்ளன. அந்த மாதங்களில் தளபதி எதை அறிந்திருந்தார், எப்போது அறிந்தார் என்பதற்கு விடை காண வேண்டிய இடம் நீதிமன்றமே. சாட்சிகளைக் கேட்காமலே வழக்கிலிருந்து விலக்கப்படுபவர் மீது சந்தேகம் என்றும் எஞ்சியே நிற்கும். விடுதலைத் தீர்ப்பு ஒன்றே அவருக்கும் உண்மையான கௌரவம்.

இது தனியொருவரின் கதையுமன்று. 2016இல் கடற்படைக்குள் மரைன் படைப்பிரிவு உருவானபோது தளபதியாக இருந்தவர், வீரத்துக்கான பல பதக்கங்கள் பெற்ற ரவீந்திர விஜேகுணரட்ன. இதே வழக்கின் சந்தேகநபர் ஒருவருக்கு அடைக்கலம் அளித்தார் என்ற குற்றச்சாட்டில் 2018 நவம்பரில் அவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அப்போது அவர் பாதுகாப்புப் படைகளின் பிரதானி. ஒரு வாரத்தில் பிணை. பின்னொரு காலத்தில் பாகிஸ்தானுக்கான உயர் ஸ்தானிகர் பதவி. மறுபுறம், இவ்வழக்கை விசாரித்த புலனாய்வு அதிகாரி ஒருவர் 2019 நவம்பரில் நாட்டைவிட்டே வெளியேறினார். சந்தேகத்துக்குள்ளானவருக்குப் பதவி, சந்தேகித்தவருக்கு அஞ்ஞாதவாசம்!

2023 ஏப்ரலில் அமெரிக்காவும் 2025 மார்ச்சில் பிரித்தானியாவும் கரன்னாகொட மீது தடை விதித்தபோது நம்மவர் சிலர் அதை நீதியென்றே கொண்டாடினர். வெளிநாட்டு வீசா மறுப்பு நீதியன்று. வல்லரசுகள் தமது தேவைக்கேற்பத் தடை விதிக்கும், தேவைக்கேற்ப நீக்கும். நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் 2016 டிசம்பரில் குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டபோது நாம் கொதித்தோம். எனினும் அங்கே சாட்சிகளாவது கேட்கப்பட்டன.

ஆகவே நமது கோரிக்கை எளியது. பாரதூரமான குற்றவியல் விசாரணைக்கு உட்பட்டிருக்கும் எந்த அதிகாரிக்கும், அவர் எந்த இனத்தவராயினும் எந்தப் போரை வென்றவராயினும், விசாரணை முடியும்வரை தரவுயர்வோ விருதோ தூதுவர் பதவியோ வழங்கக் கூடாதெனச் சட்டம் இயற்றப்பட வேண்டும். வழக்கொன்றைக் கைவிடும் சட்டமா அதிபர் அதற்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டோருக்கு எழுத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டவராதல் வேண்டும். கடமையை நேர்மையாகச் செய்து அதே பதக்கத்தை அணிந்திருக்கும் ஆயிரக்கணக்கான கடற்படையினருக்கும் அரசு செலுத்த வேண்டிய மரியாதை இதுவே. களங்கமற்ற சேவை என்று அரசு எழுதிக் கொடுக்கும்போது, அந்தச் சொல்லைப் பதினொரு குடும்பங்களும் வாசிக்கின்றன.