எண்ணிக்கைக்குக் கூலி உண்டு, உண்மைக்கு?

தோழரே!

நோயாளியின் குறிப்பைத் தாளில் எழுதாமல் கணினியில் ஏற்றும் மருத்துவமனைகளுக்குப் பணம் தருகிறோம் என்று டில்லி அரசு அறிவித்ததே, நினைவிருக்கிறதா? 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடெங்கும் தொடங்கியது. குடிமகன் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க நல எண் என்றார்கள். 2023 ஜனவரி 1 முதல் ஊக்கத்தொகையும் வந்தது: குறித்த அளவைத் தாண்டிய ஒவ்வொரு பதிவுக்கும் 20 ரூபாய் வரை, ஒரு நிறுவனம் பெறக்கூடிய உச்சம் 4 கோடி ரூபாய்!

கணினியே வேண்டாம் என்பேனா? மாட்டேன். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் தைக்கும் தங்கை, வேலூர் மருத்துவமனைக்கு வரும்போது பழைய சீட்டுகளைப் பையில் அடைத்துச் சுமந்து வருகிறாள். ஒரு தாள் தொலைந்தால் மறுபடி சோதனை, மறுபடி செலவு, மறுபடி ஒருநாள் கூலி இழப்பு! அந்தச் சுமையைக் கணினி இறக்கி வைக்குமானால் வாழ்த்தி வரவேற்போம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: கொடுக்கும் காசு, எழுதியது உண்மை என்பதற்கா? எத்தனை எழுதினார்கள் என்பதற்கா?

விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். கணியம்பாடிக்கு வாருங்கள்.

இந்த ஒன்றியத்தின் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களுக்கு, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாக ஏடு காத்து வருகிறது. பிறந்தவர் யார், இறந்தவர் யார், எதனால் இறந்தார் என்று வீடு தேடிச் சென்று கேட்பவர் ஊர் நலப்பணியாளர். அவருக்கு மேல் செவிலியர்; அவருக்கும் மேல் மருத்துவர். கணினி அதற்குப் பிறகுதான்!

அந்த ஏடு என்ன சொன்னது? 1994 முதல் 1999 வரை, இங்கே தற்கொலையால் மாண்டோர் ஆண்டுக்கு லட்சத்துக்கு 95 பேர்! காவல் நிலையங்களின் பதிவுகளைத் தொகுத்து அரசு காட்டிய கணக்கோ, நாடு முழுமைக்கும் லட்சத்துக்கு 10, 11 என்ற அளவே. 2003இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் கணியம்பாடியின் கணக்கை உலகுக்குச் சொன்னது. மறு ஆண்டு, லான்செட் இதழ் இன்னொரு கொடுமையைச் சொன்னது: 10 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் லட்சத்துக்கு 148 பேர்!

காவல் நிலையத்துக்குத் தெரியாத கண்ணீர் இந்த ஏட்டுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்த முகம் திண்ணையில் வந்து அமர்ந்து கேட்டதால், பெற்றவள் வாய் திறந்தாள். அந்த நம்பிக்கைக்கு 20 ரூபாய் விலை ஆகுமா?

அமெரிக்காவும் இப்பாதையில் நடந்த நாடுதான். 2009இல் சட்டம் இயற்றி, 3,000 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். பொருளுள்ள வகையில் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தார்கள். கணினிகள் குவிந்தன. ஆயினும் ஒரு மருத்துவமனையின் கணினி மற்றொன்றோடு பேச மறுத்தது. மருத்துவரின் கண் நோயாளியின் முகத்தை விட்டுத் திரைக்குத் தாவியது.

நல எண் பெறுவது கட்டாயமன்று என்கிறது விதி. பதிவுக்கு இத்தனை என்று பணம் பெறும் இடத்தில், வரிசையில் நிற்கும் ஏழைக்கு அந்த விதியை எடுத்துச் சொல்பவர் யார்?

ஆகவே நமது கோரிக்கை இது. மருத்துவமனைக்குக் கணினிச் செலவைக் கொடுங்கள். ஆனால் ஊக்கத்தொகையை எண்ணிக்கையோடு முடிச்சுப் போடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தமிழகப் பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பதிகிறார்களே, அவர்களுக்கு அதில் பங்கு வேண்டும். சர்க்கரை மிகுந்தவர் என்று எழுதப்பட்டவருக்கு அடுத்த மாதம் மாத்திரை சேர்ந்ததா என்று பார்த்துப் பணம் கொடுங்கள். ஒப்புதலைத் தமிழில் கேளுங்கள். தொழிலாளியின் நோய்க்குறிப்பு முதலாளியின் மேசைக்குப் போகாதபடி பூட்டுங்கள்.

கணினிக்குக் காசு கொடுக்கும் அரசே! கதவைத் தட்டும் கைக்கு என்ன கொடுக்கப் போகிறாய்?