பன்றிக்கும் பேறுகாலம் உண்டு

கோணேசர் கோயிலுக்கு மலையேறிச் செல்லும் பக்தர் ஒருவரை நிறுத்தித் திருவிளையாடற் புராணத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தாயை இழந்து பசியால் துடித்த 12 பன்றிக்குட்டிகளுக்காகச் சிவபெருமான் தாய்ப்பன்றியாகி முலை கொடுத்த கதையை மனமுருகிச் சொல்வார். அதே பக்தரின் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பன்றிக்கூடு இருந்துவிட்டால், மூக்கைப் பொத்திக்கொண்டு முறைப்பாடு எழுதவும் அவரே முன்னிற்பார். புராணத்துப் பன்றிக்குக் கண்ணீர். கூட்டிற் கிடக்கும் பன்றிக்குப் பேறு பார்க்க ஆளில்லை!

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். நான் தமிழ் படிப்பிக்கும் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி சென்ற ஆண்டு மூன்று நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. துறைமுகப் பக்கத்தில் குடியிருக்கும் கூலிக் குடும்பம். தாய் விடியலில் கூட்டித் துப்புரவு செய்யப் போகிறவள். வீட்டின் பின்புறத்தில் இரண்டு தாய்ப்பன்றிகளை வளர்க்கிறாள். குட்டி விற்ற பணந்தான் பிள்ளையின் கொப்பி, சப்பாத்து, பரீட்சைக் காலத்துப் பிரத்தியேக வகுப்பு எல்லாம். பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 114 நாட்கள். மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள் என்று அந்தத் தாய் சுவர்க் கலண்டரில் கோடிட்டு எண்ணியிருந்தாள். எழுத்தறிவு குறைந்த அவளுடைய கணக்கு ஒரு நாளும் பிசகவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு குட்டிகள் பிறந்தன. பிறகு எதுவுமில்லை. பன்றி முக்கிக்கொண்டே கிடந்தது. தொலைபேசியில் அழைத்தபோது ஓர் அதிகாரி சொன்ன மறுமொழி இது: “விடியட்டும், பார்ப்பம் அம்மா. பன்றிதானே!” விடிந்தபோது தாயும் வயிற்றிலிருந்த குட்டிகளும் செத்துக் கிடந்தன. எஞ்சிய இரண்டையும் கடதாசிப் பெட்டியில் வைத்து, இரவும் பகலும் ஆட்டுப்பால் புகட்டியதால்தான் அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவற்றில் ஒன்றும் போயிற்று.

இங்கே தேவைப்பட்டது பேரற்புதம் அன்று. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே பொதுவாகக் கால்மணி, இருபது நிமிடம் செல்லும். முக்கால் மணி, ஒரு மணி கடந்தும் தாய் வீணே முக்குமானால் உள்ளே ஏதோ தடைப்பட்டிருக்கிறது என்று பொருள். சவர்க்காரமிட்டுக் கழுவி, வழுவழுப்பான களிம்பு பூசிய ஒரு பழகிய கை உள்ளே சென்று குட்டியை நேராக்கி எடுத்துவிடும். பழகாத கை செய்தாலோ விபரீதம். குட்டி குறுக்கே கிடக்கையில் எவரோ சொன்னாரென்று ஒட்சிரோசின் ஊசியை ஏற்றினால் கருப்பையே கிழிந்துபோகலாம். ஆகவேதான் வைத்தியர் வேண்டும் என்கிறோம். நம் அலுவலகங்கள் மாலை நாலேகாலுக்குப் பூட்டப்படுகின்றன. பன்றியோ பெரும்பாலும் இரவிலேதான் ஈனுகிறது.

மிருக வைத்தியர்மேல் மாத்திரம் பழி சுமத்துவது நேர்மையாகாது. நாடு முழுவதற்கும் மிருக வைத்திய பீடம் பேராதனையில் ஒன்றே. பரந்த பிரதேசத்தில் ஒருவரே அலைய வேண்டியிருப்பதையும் அறிவோம். ஆனால் “பன்றிதானே” என்ற சொல் ஆட்பற்றாக்குறையில் பிறந்ததா? பசுவுக்கு அந்தச் சொல் வருமா? பன்றியை இழிவென்று கருதும் மனம், அதை வளர்ப்பவரையும் அதே தராசில் நிறுக்கிறது. பன்றியிறைச்சியை விலக்கும் இசுலாமிய அயலவரை நான் குறை கூறவில்லை. அது அவர்களது மார்க்கம். என் வழக்கு உத்தியோகத்துக்குள் சாதியைக் கொண்டுவரும் நம்மவரோடுதான்.

இந்த அருவருப்புக்கு ஊரே விலை கொடுக்க நேரும். சினைப்பன்றி கருச் சிதைத்தால் அதற்கு எலிக்காய்ச்சற் கிருமி காரணமாயிருக்கலாம். சிதைந்த கருவை வெறுங்கையால் அள்ளுகிற பெண்ணுக்கும் அது தொற்றும். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் கருவைச் சிதைக்கும். அது மனிதரைத் தொற்றாது. பன்றிகளையோ கூட்டத்தோடு கொல்லும், குணப்படுத்த மருந்தில்லை. 1957இல் லிஸ்பனில் விமானத்து உணவுக் கழிவாலும், 2007இல் ஜோர்ஜியாவின் போத்தித் துறைமுகத்தில் கப்பற் கழிவாலும் அது நுழைந்ததென்பது ஆய்வாளர் கருத்து. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அது இலங்கைக்கும் வந்துவிட்டது. நாமும் துறைமுகத்துக்காரர்; நம் பன்றிகளும் ஹோட்டல் எச்சிற் சோற்றையே தின்கின்றன. அந்தச் சோற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துக் கொடுக்கும்படி அந்தத் தாயின் வாசலுக்கு வந்து சொன்னவர் யார்? நோயைக் கண்டால் அறிவி என்கிறோம். உதவி கேட்ட இரவில் ஏளனம் பெற்றவள், நோய் வந்த நாளில் எதற்காக அழைப்பாள்? நட்டஈடு உடனே கைக்கு வருமென்ற நம்பிக்கையும் இல்லாவிட்டால், காய்ச்சல் கண்ட பன்றியை அன்றிரவே விற்றுவிடத்தான் வறுமை சொல்லும்.

இரவில் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி. வளர்ப்போரிலேயே நாலைந்து பெண்களுக்குப் பேறு பார்க்கும் பயிற்சி. பிறந்த குட்டிகளுக்கு முதல் வாரத்தில் இரும்புச்சத்து ஊசி. கேட்பது இவ்வளவே. துறைமுகத்தை வளப்படுத்தக் கோடிகளில் பேசுபவர்களுக்கு இது பெரிய தொகையா?

அந்தத் தாயின் மற்றப் பன்றி இப்போது சினையாயிருக்கிறது. சுவர்க் கலண்டரில் மறுபடியும் கோடுகள் ஏறுகின்றன. தை மாதத்து ஒரு நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாள். அன்றிரவு எந்த இலக்கத்தை அழைப்பதென்று மாணவி என்னிடம் கேட்டாள். நான் என் சொந்த இலக்கத்தைத்தான் எழுதிக் கொடுத்தேன்.