வேலி பார்க்காத நெருப்பு

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் மூண்ட இரண்டு காட்டுத்தீக்கள் 16,000-க்கும் அதிகமான கட்டடங்களை அழித்தன. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒன்று கடலோரப் பசிபிக் பாலிசேட்ஸைத் தின்றது. மற்றொன்று மலையடிவார அல்டடீனாவை. எரிந்த ஊரை மீண்டும் எழுப்புவதில் கட்டடக் கலைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கேட்டவருக்கெல்லாம் ஆளுக்கொரு வரைபடம் போட்டுக் கொடுப்பதோடு அந்தப் பங்கு நின்றுவிட்டால், அடுத்த தீக்கும் அதே தெருக்கள்தான் இரையாகும்.

காரணம், வீடுகள் பற்றிக்கொள்ளும் விதம். காட்டுத்தீ மதில்போல் வந்து மோதித்தான் வீடு எரிகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தீக்கு முன்னால் காற்றில் பறந்து வரும் கங்குகளே வீட்டைக் கொளுத்துகின்றன. கூரையடிக் காற்றுத் துளை வழியாக அவை பரணுக்குள் நுழைகின்றன. மழைநீர்த் தகரத்தில் தேங்கிய சருகிலும், சுவரையொட்டிய மரத்தளத்திலும் செடியிலும் விழுகின்றன. ஒரு வீடு பற்றிவிட்டால் அதுவே அடுத்த வீட்டுக்கு எரிபொருள். அதன் வெப்பத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி வெடிக்கிறது. குடிசைகள் நெருங்கிய தெருவில் ஒரு கூரை பற்றினால் வரிசையே போகும் என்பதை நாம் அறிவோம். கோடிகள் பெறும் கலிஃபோர்னியா வீடுகளுக்கும் அதே கதிதான்.

2018 நவம்பர் 8 அன்று எரிந்த, கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரம் இதற்குச் சான்று. அதை எரித்த கேம்ப் தீ 85 உயிர்களையும் 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் கொண்டுபோனது. தீ ஆபத்துள்ள பகுதிகளுக்கான கடுமையான கட்டட விதிகள் கலிஃபோர்னியாவில் 2008-இல் நடைமுறைக்கு வந்திருந்தன. பாரடைஸில் அதற்குப் பின் கட்டிய வீடுகளில் ஏறக்குறைய பாதி சேதமின்றித் தப்பின. அதற்கு முந்தையவற்றில் தப்பியவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. விதிகள் பயன் தருகின்றன என்பதில் ஐயமில்லை. அப்படியும் புது வீடுகளில் பாதி ஏன் தப்பவில்லை? எரியும் பக்கத்துக் கட்டடம் எவ்வளவு நெருக்கத்தில் இருந்தது என்பது வீட்டின் கதியைப் பெரிதும் தீர்மானித்தது எனப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. தன் வீட்டைக் கவனமாகக் கட்டியவரும் அண்டை வீட்டின் கவனக்குறைவுக்கு விலை கொடுக்க நேர்கிறது.

எனவே கட்டடக் கலைஞர் முதலில் கூட்ட வேண்டியது தெருவாரை. இரண்டு வீடுகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, வேலி மரத்திலா கம்பியிலா, சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இல்லாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, தீயணைப்பு வண்டி எங்கே திரும்பும், இரவில் எந்த வழியாக வெளியேறுவது: இவற்றைத் தனியொருவர் தீர்மானிக்க முடியாது. எல்லோரும் சேர்ந்து பார்க்கும்படி ஒரு வரைபடத்தில் இவற்றைக் கொண்டுவரும் பயிற்சி கட்டடக் கலைஞர்களுக்கு இருக்கிறது. 2017-இல் எரிந்த, சாண்டா ரோசா நகரின் காஃபி பார்க் பகுதியில் குடியிருப்போர் தங்களுக்குள் பகுதிவாரியாகப் பொறுப்பாளர்களை வைத்துக்கொண்டு மறுகட்டுமானத்தை முன்னெடுத்தார்கள். அத்தகைய ஊர்க்கூட்டத்தோடு தொழில் அறிவும் சேர வேண்டும்.

“வாடகை வீட்டில் எத்தனை காலம் இருப்பது? முதலில் வீட்டைக் கட்டவிடுங்கள்” என்ற குரல் எழும். நியாயமான குரல். வேகம் வேண்டும்தான், ஆனால் அதை விதிகளைத் தளர்த்தி வாங்கக் கூடாது. அல்டடீனாவில் கட்டடக் கலைஞர்கள் தொடங்கிய ஃபுட்ஹில் கேட்டலாக் அமைப்பு வேறொரு வழியைக் காட்டுகிறது. அந்த ஊரின் பழைய வீடுகளின் சாயலில், இன்றைய தீ விதிகளுக்கு ஏற்ப வரைபடங்களைத் தயாரித்து முன்கூட்டியே அதிகாரிகளின் ஒப்புதலைப் பெறுகிறார்கள். வீட்டுக்காரருக்கு வரைபடச் செலவும் காத்திருப்பும் குறைகின்றன. ஊரின் முகமும் மாறுவதில்லை.

முகம் மாறாமலிருப்பது அல்டடீனாவில் அழகு பற்றிய விஷயம் மட்டுமல்ல. வேறு பகுதிகளில் வீடு வாங்கவிடாமல் தடுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் லேக் அவென்யூவுக்கு மேற்கே வீடு வாங்கிக் குடியேறின. பிள்ளைகளுக்குக் கொடுக்க அவர்களிடம் இருந்த சொத்து அந்த வீடுதான். காப்பீட்டுப் பணம் கட்டுமானச் செலவுக்குப் போதாதபோது மனையை விற்றுவிட்டுப் போவதுதான் மிச்சம்; வாங்க முதலீட்டாளர்கள் காத்திருக்கிறார்கள். கையில் ரொக்கம் உள்ளவர்கள் மட்டுமே திரும்ப முடியுமானால், எழுவது பழைய பெயரில் இன்னொரு ஊர்.

சில இடங்களில் மீண்டும் கட்டாமலிருப்பதே பொறுப்பு. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட தீக்குப் பின் அரச விசாரணை ஆணையம், மிக அபாயமான மனைகளை விருப்பமுள்ளவர்களிடமிருந்து அரசே வாங்கிக்கொள்ளப் பரிந்துரைத்தது. அரசும் அப்படியொரு திட்டம் கொண்டுவந்தது. தீ மூண்ட 2009-இலேயே அங்கே கட்டடத் தரவிதிகளும் திருத்தப்பட்டன. “இந்த மனையில் வேண்டாம்” என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் நேர்மை கட்டடக் கலைஞருக்கு வேண்டும். அதைக் கேட்பவருக்கு மாற்று வழி தரும் நிதி அரசிடம் வேண்டும்.

இந்தச் சுமையை ஒரு தரப்பின் தலையில் ஏற்ற முடியாது. தீ அணைந்ததும் கட்டடக் கலைஞர்கள் பலர் இலவசமாக உதவ முன்வருகிறார்கள், பாராட்ட வேண்டும். ஆனால் மறுகட்டுமானம் பல ஆண்டு வேலை. இலவச உழைப்பு அவ்வளவு காலம் தாங்காது. தெருவாரியாகத் திட்டமிடும் கட்டடக் கலைஞருக்கான ஊதியத்தை, இடிபாடு அகற்றும் செலவைப்போலவே அரசு நிவாரணக் கணக்கில் சேர்க்க வேண்டும். தீத்தடுப்பு செய்த வீட்டுக்கும் ஊருக்கும் காப்பீட்டுப் பிரீமியத்தில் தள்ளுபடி தரவேண்டும் என்று கலிஃபோர்னியா 2022-இல் விதித்தது. செலவை ஈடுகட்டும் அளவுக்கு அதைக் காப்பீட்டு நிறுவனங்கள் உயர்த்த வேண்டும். வீட்டுக்காரர்கள் காற்றுத் துளைகளை மூடும் சன்னக் கம்பிவலைக்கும் எரியாத கூரைக்கும் முதலில் செலவிட்டு, பளிங்குத் தரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சுவரோரச் செடியைக் கைவிடும் சிறிய இழப்புக்கும் மனம் இசைய வேண்டும்.

ஒரு தெருவில் பத்து வீடுகளுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால், பத்தையும் ஒன்றாக மேசைமேல் விரித்துப் பார்க்கும் நடைமுறையை நகர நிர்வாகங்கள் இப்போதே தொடங்கட்டும். அந்த மேசையில் வீட்டுக்காரரும், கட்டடக் கலைஞரும், தீயணைப்பு அதிகாரியும், காப்பீட்டு நிறுவனத்தாரும் சேர்ந்து உட்காரட்டும்.