நின்று கற்றவர்

சென்ற மாதம் இங்கு நியூ ஜேர்சியில் எம்மவர் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பதினைந்து வயது. பியானோ வாசிப்பதிற் கெட்டிக்காரன். போட்டிகளிற் பரிசில்கள் பெற்றவன். "இந்த வருசம் போட்டி ஒன்றுக்கும் போகமாட்டன், பழக மட்டுந்தான் போவன் என்று நிற்கிறான், மாஸ்டர். ஒரு சூட்கேசோடை வந்திறங்கின சனம் நாங்கள். நிற்கிறதுக்கு எங்களுக்கு நேரம் இருக்கோ?" என்று தாயார் கலங்கினார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இவ்வாரப் பத்தியே அவ்விடை.

பல்கேரியாவின் தலைநகர் சோபியாவில், 1929ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அலெக்சிஸ் வைசன்பேர்க். மூன்று வயதில், அந்நாட்டின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் பன்ச்சோ விளாடிகெரொவிடம் பியானோ பயிலத் தொடங்கினார். 1941இல் பல்கேரியா ஹிட்லரின் அணியிற் சேர்ந்தது. துருக்கிக்குத் தப்பியோட முயன்ற தாயும் மகனும் பிடிபட்டு, முகாமொன்றில் அடைக்கப்பட்டனர்.

பியானோவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? சிறுவனிடம் இருந்தது ஓர் அக்கோடியன். அதில் அவர் வாசித்த சூபேர்ட்டின் இசையை ஜேர்மன் காவலன் ஒருவன் விரும்பிக் கேட்பானாம். மூன்று மாதங்களின் பின் ஒருநாள், அக்காவலனே இருவரையும் அவசரமாகப் புகையிரத நிலையத்துக்கு அழைத்துச் சென்று வண்டியேற்றி, யன்னலினூடாக அக்கோடியனையும் எறிந்து வாழ்த்தி அனுப்பினான். மறுநாள் அவர்கள் இஸ்தான்புல் சேர்ந்தனர். வைசன்பேர்க் தாமே பின்னாளிற் கூறிய வரலாறு இது.

பின்னர் பலஸ்தீனம். அங்கிருந்து 1946இல் நியூயோர்க். ஜூலியார்ட் இசைக்கல்லூரியில் ஒல்கா சமரொவ் அம்மையாரிடம் பயின்றார். மறு ஆண்டே லெவென்ரிட் போட்டியில் வென்று, பெரும் இசைக்குழுக்களுடன் மேடையேறினார்.

கதை இங்கு முடிந்திருந்தால், "பார், ஓடி வந்த பிள்ளை எப்படி வென்றான்" என்று எம் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஐம்பதுகளின் பிற்பகுதியில் அவர் மேடைகளை விட்டு ஒதுங்கினார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கற்பதிலும் கற்பிப்பதிலுமே கழிந்தன. எம்மவராயின் "பிள்ளை விழுந்துபோனான்" என்றிருப்போம். 1966இல் பரிஸ் நகரில் மீண்டும் மேடையேறினார். பின்பு கரயானின் தலைமையில் பேர்லின் இசைக்குழுவுடன் வாசித்தார். பல நாடுகளில் இளையோர்க்குக் கற்பித்தார். 2012 ஜனவரி 8இல், சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில், 82ஆவது வயதிற் காலமானார்.

துரத்தப்பட்டவனுக்கு நிற்பது என்றாலே பிடிபடுவதுதான். எமது பயம் நியாயமானது. ஆயினும் அதனைப் பிள்ளைக்கும் முதுசமாகக் கொடுக்க வேண்டுமா? ஊரில் ஆசிரியனாக இருந்த காலத்தில், நின்று யோசித்த மாணவனை மந்தன் என்று நானும் எண்ணியதுண்டு. புள்ளிகளையே பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை.

நிற்பதெல்லாம் கற்பதாகாது என்பதும் உண்மையே. ஆகவே அத்தாயாருக்கு நான் கூறுவது இதுதான்: ஒரு மாலைப் பொழுதில், வேலைக் களைப்போடாயினும், மகனருகே அமர்ந்து கேளுங்கள். போட்டியும் பரிசும் இல்லாத நாளிலும் அவன் விரல்கள் பியானோவைத் தேடுகின்றனவா? தேடுமாயின், அவன் நிற்கவில்லை, அம்மா. அவனை அவன் போக்கிற் பழக விடுங்கள்.