வேர்களை எண்ணும் நீதி

யாழ்ப்பாணத்து வேலிகளை அறிந்தவர்களுக்குக் கதியால் நடுதல் புதிய செய்தியன்று. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கிளைகளைத் தறித்து, மாரி தொடங்கும் வேளையில் அவற்றை நேரே மண்ணில் ஊன்றுவர். சில கதியால்கள் தளிர்க்கும், சில பட்டுப்போகும். எது தளிர்க்கும், எது படும் என்பதை நட்டவரே அறியார். ஆதலால் தேவைக்கு மேலாகச் சிலவற்றை நட்டுவைப்பது வழக்கம். ஊன்றிய தடியை ஊன்றிய அன்றே மரமென்று எவரும் எண்ணுவதில்லை. தாவரவியலாளர் பதியமுறை இனப்பெருக்கம் என விளக்கும் இவ்வுண்மையை வேலியடைக்கும் எந்தக் கமக்காரனும் அனுபவத்தால் அறிவான்.

இதே செயலை ஐக்கிய அமெரிக்காவில் ஒருவர் கஞ்சாச் செடியின் கிளையைக் கொண்டு தம் வீட்டுச் சாடியிற் செய்வாராயின் நிலைமை முற்றிலும் மாறிவிடுகின்றது. வெட்டி நட்ட கிளை மண்ணுக்குள் வேர் விட்டதா இல்லையா என்பது தோட்டக்காரனின் கவலையாக இருந்த நிலை நீங்கி, எத்தனை ஆண்டு சிறை என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோலாக அந்நாட்டுச் சமஷ்டிச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. மனிதரின் நோக்கத்தையும் அவர் செயலால் விளைந்த தீங்கையும் அளக்க வேண்டிய நீதி, வேர்களை எண்ணப் புகுந்தமையே ஈண்டுக் கண்டனத்துக்குரியது. கஞ்சா நல்லதா தீயதா என்பது வேறு வினா. தண்டனை எதனைக் கொண்டு அளக்கப்படல் வேண்டும் என்பது வேறு வினா. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதன் விளைவாகவே இத்தகைய சட்டங்கள் எதிர்ப்பின்றி நிலைபெற்றன.

முதலில் செடியின் இயல்பை நோக்குதல் பொருத்தமாகும். கஞ்சாவில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனிச் செடிகளாகும். பிசின் செறிந்த பூங்கொத்துகள் பெண் செடியிலேயே தோன்றுகின்றன. வித்திலிருந்து முளைப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆணாக அமைந்துவிடும். எனவே, தாம் அறிந்த பெண் செடியொன்றிலிருந்து கிளைகளை வெட்டி நடுவதே நிச்சயமான வழியாகும்; அவ்வாறு பெறப்படும் கன்று தாய்ச்செடியின் மறுபதிப்பாகவே வளரும். நோயின் பொருட்டு அதனை நாடுவோருக்கு இது மேலும் முக்கியமானது. ஒரே தன்மையுள்ள மருந்து ஒரே செடியிலிருந்தே கிடைக்கும்.

வெட்டப்பட்ட தண்டின் நுனியிலிருந்து கீழிறங்கும் வளர்ச்சி ஓமோன், வெட்டுவாயின் அருகே சேர்ந்து அங்குள்ள கலங்களைப் பிரியச் செய்கின்றது. ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் புதிய வேர் தோன்றக்கூடும்; தோன்றாமலும் போகலாம். ஈரப்பதன், வெப்பம், கிளையின் முதிர்ச்சி எனப் பல காரணிகள் இதனைத் தீர்மானிக்கின்றன. நீரில் வைத்த கிளையின் வேரைக் கண்ணாற் காணலாம். நேரே மண்ணில் நட்ட கிளையின் வேரை எவரும் காணார். ஆயினும் சாடியும் மண்ணும் தவிர வேறு முதலீடு இல்லாத வீட்டார், வேலிக்குக் கதியால் நடுபவர் போன்று, மண்ணையே நாடுகின்றனர். பட்டுப்போவனவற்றுக்கு ஈடாகச் சிலவற்றை மேலதிகமாக நடுகின்றனர்.

இச்சாதாரண முன்யோசனையையே சட்டம் குற்றத்தின் பெருக்கமாகக் கணக்கிடுகின்றது. 1986 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய போதைப்பொருள் எதிர்ப்புச் சட்டம், பொருளின் நிறையை அடிப்படையாகக் கொண்டு கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகளை விதித்தது. 1988 ஆம் ஆண்டுச் சட்டம் இதனுடன் செடிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தது. 100 செடிகளாயின் ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை. 1,000 செடிகளாயின் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. செடியின் நிறை எவ்வளவாயினும் பொருட்டில்லை எனச் சட்டவாசகமே கூறுகின்றது. வளர்த்தலே உற்பத்தி எனக் கொள்ளப்படுவதால், விற்கும் நோக்கம் இருந்ததா என்ற வினாவும் இங்கு எழுவதில்லை.

செடி என்பது யாது என்ற சிக்கல் உடனே எழுந்தது. வெட்டி நட்ட கிளைகள் செடிகளா, அல்லவா என நீதிமன்றங்களில் வழக்காடப்பட்டது. 1995 ஆம் ஆண்டில் தண்டனை வழிகாட்டு விதிகளுக்குச் சேர்க்கப்பட்ட விளக்கம் இதற்கு விடையளித்தது: இலைகளும் எளிதிற் காணத்தக்க வேரமைப்பும் உடையது செடி, வேர்மயிர் விட்ட வெட்டுத்துண்டும் செடியே. இவ்விடை தாவரவியல் நோக்கிற் பிழையற்றதாகலாம். நீதி நோக்கில் அது நகைப்புக்கிடமானது. 99 கிளைகள் வேர் விட்டிருக்க, நூறாவது கிளை இன்னும் வேர் விடாதிருப்பின் கட்டாய ஐந்தாண்டு இல்லை. அன்றிரவு நூறாவது கிளையில் ஒரு வேர் அரும்பிவிட்டால் உண்டு. அவ்விரவில் அம்மனிதர் செய்தது யாது? உறங்கியது மட்டுமே. செயலைச் செய்தது ஓமோன். சிறை செல்வது மனிதர். குற்றமனம் இன்றிக் குற்றமில்லை என்று சட்டக் கல்வி முதலாண்டிலேயே கற்பிக்கும் கோட்பாடு, இங்கு மண்ணுக்குள் புதைந்துவிடுகின்றது.

மண்ணில் நட்ட கிளைகளைப் பொறுத்தவரை இவ்வபத்தம் மேலும் வளர்கின்றது. வேர் உண்டா என அறிய, அதிகாரி அதனைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். வளர்த்தவர் அறியாத ஒன்றை அதிகாரி பிடுங்கிக் கண்டுபிடித்து, அதனையே வளர்த்தவரின் குற்றமாக எண்ணித் தருகின்றார். தாம் செய்த குற்றத்தின் அளவைக் குற்றவாளியே முன்னதாக அறிய இயலாத ஒரு சட்டம், எச்சரிக்கை செய்யும் சட்டமாகாது. பொறி வைக்கும் சட்டமேயாகும்.

இதனை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் நான்கு. எண்ணுதல் எளிது, பாரபட்சத்துக்கு இடமளியாது என்பது முதலாவது. எளிதில் அளக்கக்கூடியது என்பதனாலேயே ஒன்று அளக்கத்தக்கதாகிவிடாது. குற்றவாளியின் உயரத்தை அளப்பதும் எளிதே. உயரத்திற்கேற்பத் தண்டிக்கலாமென எவரும் வாதிடார். வேர் விட்ட ஒவ்வொரு கிளையும் நாளை முழுச்செடியாகும் என்பது இரண்டாவது. நாளை ஆகக்கூடியதை இன்றே ஆனதாகக் கொள்வது தண்டனையைக் கற்பனைக்கு ஒப்படைப்பதாகும். அவ்விதிகளே 1995 ஆம் ஆண்டில் ஒரு செடியை 100 கிராம் எனக் கணக்கிடுமாறு திருத்தப்பட்டன. அதற்கு முன்னர் 50 செடிகளும் அதற்கு மேலும் உள்ள வழக்குகளில் ஒரு செடி ஒரு கிலோகிராம் எனக் கொள்ளப்பட்டது. ஒரே செடி ஒரு திருத்தத்தால் பத்திலொன்றாகச் சுருங்கியதெனில், முன்னைய நிறை செடியில் இருந்ததா, சட்டம் இயற்றியோர் மனத்தில் இருந்ததா?

நூறு செடி வளர்ப்பவர் வீட்டுத் தேவைக்காக வளர்ப்பவரல்லர் என்பது மூன்றாவது நியாயம். முழுவளர்ச்சியுற்ற நூறு செடிகளைப் பொறுத்தவரை இதில் உண்மையுண்டு. ஆனால், நூறு கிளைத்துண்டுகள் ஒரு சிறு மேசையில் அடங்கிவிடும். முற்றிய நூறு செடிகளின் உரிமையாளரையும் விரல் நீளத் துண்டுகள் நூற்றின் உரிமையாளரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதே இங்கு குற்றச்சாட்டு. முதற்குற்றவாளிகள் சிலருக்குக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து விலக்களிக்க 1994 ஆம் ஆண்டில் வழி செய்யப்பட்டுள்ளது என்பது நான்காவது. விதி நியாயமானதாயின் அதிலிருந்து தப்ப வழி அமைக்கவேண்டிய தேவை ஏன் ஏற்பட்டது? அவ்விலக்கே விதியின் பிழைக்குச் சான்றாகும்.

எண்ணிக்கை குறைவாயிருந்தால் வீட்டார் காக்கப்படுவர் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. கலிபோர்ணியா மாநிலம் 1996 ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நோயாளர் கஞ்சா வளர்ப்பதை அனுமதித்தது. 2002 ஆம் ஆண்டில் அங்கு டயான் மொன்சன் என்ற பெண்மணியின் வீட்டில் ஆறு செடிகள் இருந்தன. அவை மாநிலச் சட்டத்துக்கு அமைந்தவை என உள்ளூர் அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட பின்னரும், சமஷ்டி அதிகாரிகள் ஆறையும் அழித்தனர். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2005 ஆம் ஆண்டில் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் நீதிமன்றம் சமஷ்டி அரசின் அதிகாரத்தை உறுதிசெய்தது. விற்கப்படாத, மாநில எல்லையைத் தாண்டாத ஆறு செடிகள் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்தைப் பாதிக்குமாம்!

இத்தீர்ப்புக்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது 1942 ஆம் ஆண்டுத் தீர்ப்பாகும். ஒகையோ மாநிலத்து விவசாயி பில்பர்ண், தமக்கு ஒதுக்கப்பட்ட 11.1 ஏக்கருக்குப் பதிலாக 23 ஏக்கரிற் கோதுமை விதைத்தார். மிகுதி தம் பண்ணைத் தேவைக்கானது என்றார். வீட்டில் விளைவித்து உண்பவர் சந்தையில் வாங்கமாட்டார். ஆகவே அது சந்தையைப் பாதிக்கும் என நீதிமன்றம் கூறியது. கோதுமைக்கும் கஞ்சாவுக்கும் பொதுவானது போதையன்று, சந்தையே. வாங்காமலிருப்பதே வர்த்தகத்தில் தலையிடுவதாகக் கருதப்படுமாயின், தன் கையால் விளைவிக்கும் எவரும் சந்தேகத்துக்குரியவரே.

இவ்வுண்மை, தடை நீக்கப்பட்ட இடங்களில் மேலும் வெளிப்படையாகின்றது. 2012 நவம்பரில் ஒரே நாளில் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் கஞ்சா விற்பனையை அனுமதிக்க வாக்களித்தன. கொலராடோவின் திருத்தம் வளர்ந்தவர் ஒருவர் ஆறு செடி வளர்க்க இடமளித்தது. வாஷிங்டனில் ஏற்கப்பட்ட சட்டமோ கடைகளுக்கு உரிமம் வழங்கிவிட்டு, நோயாளரல்லாதோர் வீட்டில் வளர்ப்பதற்கு இடமளிக்கவில்லை. 2018 ஆம் ஆண்டில் கனடா ஒரு வீட்டுக்கு நான்கு செடியை அனுமதித்தபோது, கியூபெக் மாகாணம் அதனைத் தடுத்தது. அத்தடை சட்டபூர்வமானதென 2023 ஆம் ஆண்டில் கனேடிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாகாணத்திற் கஞ்சாவை விற்பது அரசுக் கூட்டுத்தாபனமாகும். பொருள் தீயது எனில் அரசு ஏன் விற்கின்றது? தீயதன்று எனில் வீட்டார் ஏன் நடலாகாது? வீட்டில் வளர்த்தால் இளைஞர் கைக்கு எட்டும் என்ற விடை முற்றாகத் தள்ளத்தக்கதன்று. ஆயினும் மதுப்போத்தல் நிறைந்த அலுமாரிக்கு இல்லாத அச்சம் ஒரு சாடிக்கு மட்டும் எழுவதேன் என்பதை விளக்க அது போதாது.

வேறு வழிகள் இல்லாமலில்லை. உருகுவே 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஆறு செடியும் ஆண்டுக்கு 480 கிராம் விளைச்சலும் என வரையறுத்தது. தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டில், வளர்ந்தவர் தம் தனிப்பட்ட இடத்தில் தம் பாவனைக்காக வளர்ப்பது அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. ஜேர்மனி 2024 ஏப்ரல் முதல் மூன்று செடிகளை அனுமதித்ததோடு, பூங்கொத்து விடாத இளங்கன்றையும் தண்டுத்துண்டையும் இனப்பெருக்கப் பொருள் எனத் தனியாக வகுத்தது. இச்சட்டங்கள் குறையற்றவை எனக் கூறுவதற்கில்லை. எனினும், வெட்டுத்துண்டை வெட்டுத்துண்டாகக் காணும் கண் ஜேர்மனியச் சட்டத்துக்கேனும் உண்டு.

இவ்வாதம் கஞ்சாவுக்குப் பாடும் துதியன்று. இளவயதில் மிகையாகப் பாவிப்போருக்கு உளநோய் ஏற்படும் வாய்ப்பு அதிகரிக்கும் என்பது மருத்துவம் அறிந்தது. சிறுவருக்கு விற்போரையும், போதையில் வாகனம் செலுத்துவோரையும் சட்டம் தண்டிக்கட்டும். அங்கு தீங்கு உண்டு, தீங்கிழைத்தவரும் உண்டு. தீங்குக்குள்ளானவர் எவருமின்றி, மண்ணுக்குள் தோன்றிய வேரை மட்டும் சான்றாகக் கொள்ளும் தண்டனையே மறுக்கப்பட வேண்டியது.

இது தொலைதூர நாட்டின் விவகாரம் என்று இலங்கை மாணவர் ஒதுங்கிவிடவும் இயலாது. இந்நாட்டிலும் குடியேற்ற ஆட்சி இயற்றிய 1929 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே கஞ்சா பற்றிய சட்டத்துக்கு அடிப்படையாக இருந்து வருகின்றது. தன் வளவுப் பனையிற் கள்ளிறக்குவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற மதுவரி முறையையும் அவ்வாட்சியே வலுப்படுத்தியது. வீட்டில் விளைவதை ஐயுறுவதும் உரிமம் பெற்ற வணிகத்தை நம்புவதும் ஆட்சியாளர்க்கு எங்கும் பொதுவான மனப்பாங்காகும். அச்சட்டங்களைத் திருத்தவோ நீக்கவோ இந்நாட்டில் என்றேனும் முற்படுவோர், உரிமம் யாருக்கு, சிறை யாருக்கு என்ற வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். எத்தனை வேர் என்று எண்ணுவதற்கு முன், யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கத் தெரியாத சட்டம், எந்நாட்டில் இருப்பினும், நீதியின் பெயரைத் தாங்கத் தகுதியற்றது.