டிராக்டருக்குப் பட்டறை வேலை: எது லாபம், எது ஆபத்து?

டிராக்டரில் உள்ளூர்ப் பட்டறையிலேயே சிறு மாற்றங்கள் செய்துகொள்வது சிக்கனமே. ஆனால் எடை எங்கே விழுகிறது என்பதைக் கணக்கிட்டே எதையும் செய்ய வேண்டும்.

புன்செய் உழவில் பின்சக்கரம் வழுக்கினால் டயரும் டீசலும் வீணாகும். டியூபில் தண்ணீர் நிரப்புவதே இதற்கு மலிவான வழி. சக்கரத்தைத் தூக்கி, வால்வை மேலே கொண்டுவந்து, முக்கால் பங்கு தண்ணீரும் மீதி காற்றும் அடைக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ எடை தரும். சேற்றுழவுக்கு இந்த எடை ஆகாது, வண்டி புதையும். அங்கே கேஜ் வீலே ஏற்றது. அதோடு தார்ச்சாலையில் ஓட்டலாகாது.

பின்னால் கனமான கருவி மாட்டினால் முன்பக்கம் தூக்கும். ஆகவே முன்புறம் இரும்பு எடைகளை போல்ட்டால் இறுக்கிக்கொள்வது நல்லது.

புதைந்த சக்கரத்தில் கட்டையைக் கட்டி வண்டியை ஏற்றுவதும், பின் அச்சுக்கு மேலே சங்கிலி மாட்டி இழுப்பதும் கூடவே கூடாது. சக்கரம் சுழல முடியாதபோது எஞ்சினின் விசை வண்டியையே பின்புறமாகப் புரட்டிவிடும். ஓட்டுபவருக்குக் குதிக்கவும் நேரமிராது. மண்ணைத் தோண்டி வண்டியை மீட்க அரை நாள் கூலி ஆகலாம். ஓர் உயிருக்கு முன் அது பெரிதல்ல.